திரும்பிப் போன விமானம்

(நமது சமுதாயக் கூடத்தில் நடக்கும் மாதாந்திர மாலைப் பேச்சு வரிசையில், குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



போன மாதம் முழங்கால் வலி பற்றி டாக்டர் பேசினார். அவர் பேசத் தகுதியானவர். நான் பி.காம். படித்துவிட்டு முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். அதில் பெரும்பகுதி ஆம்பூர் கிளையில். விமானம் இறங்குவதைப் பற்றி நான் என்ன பேச முடியும் என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான்.

காரணம் இதுதான். வரும் ஏப்ரலில் முக்திநாத் யாத்திரைக்கு நம் குடியிருப்பிலிருந்து பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "போக்ராவிலிருந்து ஜோம்சோம் போற சின்ன பிளைட்டை அடிக்கடி கேன்சல் பண்ணி ஏமாத்துறாங்களாமே, ஏஜென்ட்டிடம் கண்டிப்பா எழுதி வாங்கணும்" என்று போட்டிருந்தார். பத்துப் பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்டைவிரலைக் காட்டியவன்தான். செயலாளரிடம் போய், எனக்கு அரை மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் நானும் வீட்டம்மாவும் முக்திநாத் போனோம். நூற்றியெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம். அவளுக்கு அது இருபது வருஷத்து ஆசை. போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானத்தில் இருபது நிமிஷம்தான். காலையில் பனிமூட்டம் இருந்ததால் எல்லாம் தாமதம். எங்களுக்கு முன்னால் இரண்டு விமானங்கள் போய் இறங்கிவிட்டன. எங்களுடையது கிளம்பும்போது மணி ஒன்பதரை தாண்டிவிட்டது. பதினெட்டுப் பேர், இரண்டு இன்ஜின், ஒரு மினி பஸ்ஸுக்கு இறக்கை வைத்த மாதிரி. பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் ஆட ஆரம்பித்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கோவிந்தா சொல்ல ஆரம்பித்தாள். தூரத்தில் ஓடுதளம் சின்னதாகத் தெரிந்தது. அப்போது இன்ஜின் சத்தம் கூடியது, விமானம் சாய்ந்து திரும்பியது, கால் மணி நேரத்தில் மறுபடி போக்ராவில் இருந்தோம்.

இறங்கியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பைலட்டை வழிமறித்தேன். ஆம்பூரில் தோல் ஷாப்பு பாய்களிடம் கற்றுக்கொண்ட உருது எனக்கு உண்டு. அதை முழுவதுமாக அன்று செலவழித்தேன். பணம் கொடுத்திருக்கிறோம், முன்னால் போன இரண்டு பேர் இறங்கினார்களே, உங்களுக்கு மட்டும் என்ன என்று கேட்டேன். அந்தப் பையனுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கோபப்படவில்லை. "அவர்கள் இறங்கிய காற்று வேறு, அங்கிள்" என்றான். நான் விடவில்லை. அவன் நகர்ந்த பிறகு, மற்றவர்கள் காதில் விழுகிற மாதிரி, பயந்தாங்கொள்ளி என்று தமிழில் சொன்னேன். வீட்டம்மா, "என்னங்க, போதும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பிறகு ஜீப்பில் ஒரு நாள் முழுக்க இடுப்பொடிய மலையேறி, மறுநாள் தரிசனம் செய்தோம். சன்னிதியில் நின்றபோது கூட அந்தக் கோபம் எனக்கு அடங்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகு, "அவர்கள் இறங்கிய காற்று வேறு" என்ற அந்த வார்த்தை மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன குறை? விபத்து விசாரணை அறிக்கைகளைப் படிக்க ஆரம்பித்தேன். நம்ப மாட்டீர்கள், அவை ஆடிட் ரிப்போர்ட் மாதிரியே இருக்கின்றன. எந்த நேரம், யார் என்ன சொன்னார், எந்தச் சுற்றறிக்கையை மீறினார், எல்லாம் வரிசையாக. எனக்குப் பழகிய நடை.

முதலில் காற்று என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் காலி ஷூ அட்டைப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கட்டிக்கொண்டு டிவிஎஸ் ஃபிஃப்டியில் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எடை ஒன்றும் இல்லை, அகலம் மட்டும்தான். ஆடி மாதத்தில் அந்த வண்டி பாலாற்றுப் பாலத்தில் ஏறினால் ஓட்டுகிறவர் என்ன செய்கிறார்? காற்று வரும் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து ஓட்டுகிறார். காற்று ஒரே சீராக அடித்தால் அப்படியே போய்விடலாம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பஸ் வருகிறது. இரண்டு நொடி காற்று நிற்கிறது. சாய்ந்திருந்த வண்டி அந்தப் பக்கமே போகிறது. அவர் நிமிர்த்துகிறார். பஸ் தாண்டியதும் காற்று மறுபடி ஓங்கி அறைகிறது. என் கண் முன்னால் ஒருவர் பெட்டிகளோடு கைப்பிடிச் சுவரில் போய் மோதினார். நல்லவேளை, அட்டைதான் நசுங்கியது.

குறுக்குக் காற்று என்பது வேறு, விட்டு விட்டு வீசும் குறுக்குக் காற்று என்பது வேறு. முதலாவதுக்குக் கணக்குப் போடலாம். இரண்டாவது, போட்ட கணக்கை நொடிக்கு நொடி அழிக்கும்.

சிறு விமானம் அந்த டிவிஎஸ் ஃபிஃப்டி ஜாதி. உலகம் முழுக்கப் பயிற்சிக்குப் பயன்படுகிற செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழுச் சுமையோடும் சுமார் 1,150 கிலோதான், நான்கு பேர் உட்கார்ந்த ஸ்விஃப்ட் கார் அளவு. ஆனால் இறக்கை முனைக்கு முனை 11 மீட்டர். இறங்க வரும்போது மணிக்கு 110, 120 கிலோமீட்டர் வேகம். பெரிய ஜெட் விமானம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேகத்தில் வரும், எடையும் அறுபது டன் இருக்கும். ஒரே காற்று இரண்டையும் ஒரே மாதிரி தள்ளாது.

நேராக இறங்க வேண்டிய விமானம் குறுக்குக் காற்றில் எப்படி வருகிறது? ஆற்றை நீந்திக் கடக்கிறவன் எதிர்க்கரையைக் குறிவைத்து நேராக நீந்த மாட்டான், நீரோட்டத்துக்கு எதிராகக் கொஞ்சம் மேலே பார்த்து நீந்துவான். (பாலாற்றில் ஏது தண்ணீர் என்று சிரிக்காதீர்கள். 2021 நவம்பரில் வந்ததை நாம் எல்லோரும் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம்.) அதே மாதிரி விமானமும் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஓடுதளத்தை நோக்கிப் பக்கவாட்டில் வரும். விமானிகள் இதற்கு நண்டு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படியே தரையில் இறங்கினால் சக்கரம் ஒரு பக்கம், ஓட்டம் ஒரு பக்கம். அதனால் கடைசி நொடிகளில் காலால் சுக்கானை மிதித்து மூக்கை நேராக்கி, காற்று வரும் பக்க இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்தி, அந்தப் பக்கச் சக்கரத்தை முதலில் தொட வைக்க வேண்டும். ஒற்றைச் சக்கரத்தில் இறக்கிவிட்டான், கற்றுக்குட்டி என்று நாம் சொல்வோம். சிறு விமானத்தில் அதுதான் சரியான முறை.

தொட்டுவிட்டால் முடிந்ததா என்றால் அங்கேதான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். வேகம் குறையக் குறைய இறக்கைகளுக்கும் சுக்கானுக்கும் பிடிமானம் குறைகிறது. ஆனால் வால் துடுப்பு காற்றை வாங்கிக்கொண்டே இருக்கிறது. கூரை மேல் வைக்கும் காற்றுக்காட்டிச் சேவல் மாதிரி அது மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பும். விமானம் ஓடுதளத்தை விட்டு ஓடும், இறக்கை முனை தரையில் உரசும். இத்தகைய விபத்துகளில் பெரும்பாலும் ஆட்கள் தாங்களே கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்துவிடுகிறார்கள். விமானம்தான் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். எப்போதும் அப்படி முடிவதில்லை என்பதால்தான் இவ்வளவு பேச்சு.

செஸ்னா 172-இன் கையேட்டில் குறுக்குக் காற்றுக்கு 15 நாட் என்று ஓர் எண் இருக்கிறது. மணிக்கு 28 கிலோமீட்டர். ரோட்டில் புழுதியையும் காகிதத்தையும் கிளப்புகிற காற்று, அவ்வளவுதான். மொட்டை மாடியில் நம் வேஷ்டிக்கு இரண்டு கிளிப் போடுவோமே, அந்தக் காற்று. ஆனால் இந்த 15 அந்த விமானத்தின் வரம்பு இல்லை. சோதனை ஓட்டத்தில் செய்து காட்டிய அளவு. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், ஓவர்டிராஃப்ட் லிமிட் என்பது வேறு, அந்தக் கணக்கில் இதுவரை எடுத்த அதிகபட்சத் தொகை என்பது வேறு. இரண்டையும் ஒன்று என்று நினைத்த கிளார்க்குக்கு மெமோ நிச்சயம்.

இந்தக் குழப்பம் பெரிய இடத்திலேயே நடந்திருக்கிறது. ஹாம்பர்க் என்ற ஊர்ப் பெயரை எத்தனை ஏற்றுமதி பில்லில் டைப் அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. நம் ஊர்த் தோல் சரக்கு இறங்கும் துறைமுகம். 2008 மார்ச் 1 அன்று அங்கே லுஃப்தான்சாவின் ஏர்பஸ் ஏ320 ஒன்று புயல் காற்றில் இறங்க வந்தது. கையேட்டில் செய்து காட்டிய அளவு 33 நாட், வீச்சு 38 வரை. அன்று கோபுரத்திலிருந்து சொன்ன வீச்சு 47. சக்கரம் தொட்ட பிறகு ஒரு பக்கம் சாய்ந்து இடது இறக்கை முனை ஓடுதளத்தில் உரசியது. உடனே மேலே எழுப்பி, காற்றுக்கு ஏற்ற இன்னொரு ஓடுதளத்தில் பத்திரமாக இறக்கினார்கள். யாருக்கும் காயமில்லை. விசாரணையில் விமானிகளைக் கேட்டால், அந்த எண் மீறக்கூடாத வரம்பா, வெறும் தகவலா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

இப்போது நம் ஜோம்சோமுக்கு வருகிறேன். அந்த ஓடுதளம் 2,700 மீட்டருக்கு மேல் உயரத்தில், காளி கண்டகி நதிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஒரு பக்கம் அன்னபூர்ணா, மறு பக்கம் தவளகிரி, இரண்டுமே 8,000 மீட்டர் தாண்டிய சிகரங்கள். வெயில் ஏற ஏற மேலே திபெத் பக்க மேட்டு நிலம் சூடாகிறது. கீழேயிருந்து காற்று அந்த இடுக்கு வழியாக மேலே உறிஞ்சப்படுகிறது. விடியற்காலையில் சாதுவாக இருக்கும் பள்ளத்தாக்கு பத்து, பதினொரு மணிக்கெல்லாம் ஊதுலை மாதிரி ஆகிவிடும். அதனால்தான் விமானங்கள் எல்லாம் காலையிலேயே முடிந்துவிடுகின்றன. மலையில் மோதிச் சுழலும் காற்று நேராகவும் வராது. போதாததற்கு, உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், அதே விமானம் கடல் மட்டத்தில் இறங்குவதைவிட சுமார் 15 சதவீதம் கூடுதல் வேகத்தில் தரையைத் தொட வேண்டியிருக்கும். எனக்கு முன்னால் இறங்கிய இரண்டு பேருக்கும் எனக்கும் நடுவில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் அது வேறு ஊர்.

2013 மே 16 அன்று நேபாள் ஏர்லைன்ஸின் ட்வின் ஆட்டர் ஒன்று அங்கே காற்று பின்னாலிருந்து தள்ளும் திசையில் இறங்கியது. நிற்க முடியவில்லை, ஓடுதளத்தை விட்டு விலகி வேலியை உடைத்துக்கொண்டு காளி கண்டகி ஆற்றில் போய் விழுந்தது. உள்ளே 21 பேர். எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். அதற்கு முந்தின வருஷம், 2012 மே 14, அக்னி ஏர் நிறுவனத்தின் டார்னியர். அதிலும் 21 பேர், பெரும்பாலும் முக்திநாத் போன நம் நாட்டு யாத்ரீகர்கள். இறங்கும் முயற்சியைக் கைவிட்டுத் திரும்பும்போது இறக்கை மலைச்சரிவில் பட்டது. 15 பேர் இறந்தார்கள். 'பா' படத்தில் நடித்த சிறுமி தருணி சச்தேவும் அவர்களில் ஒருத்தி.

இந்த இரண்டாவதைப் படித்த இரவு நான் வெகு நேரம் பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போவது எப்போதும் பத்திரம் என்று நான் அதுவரை ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இல்லை. குறுகிய பள்ளத்தாக்கில், திரும்ப இடம் இருக்கும்போதே திரும்ப வேண்டும். எங்கள் பைலட் ஓடுதளம் தூரத்தில் சின்னதாகத் தெரிந்தபோதே திரும்பினான் என்று சொன்னேன் அல்லவா. கிட்டத்தில் போய் ஒரு முயற்சி கூடச் செய்யவில்லையே என்பதுதான் அன்று என் கோபமே. அவன் செய்ததில் சரியான பகுதி எதுவோ அதைத்தான் நான் குற்றமாகச் சொல்லியிருக்கிறேன்.

பைலட் மேல் எத்தனை பாரம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கோழிக்கோடு அறிக்கையைப் படிக்க வேண்டும். அது பெரிய விமானம், காற்றும் குறுக்கே இல்லை, பின்னாலிருந்து. ஆனாலும் சொல்கிறேன். 2020 ஆகஸ்ட் 7, துபாயிலிருந்து 190 பேரோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். மழை. முதல் முயற்சியைக் கைவிட்டு, எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்து பின்காற்றில் இறங்கினார்கள். 8,858 அடி ஓடுதளத்தில் 4,438 அடி தாண்டித்தான் சக்கரம் தொட்டது. துணை விமானி, மேலே எழுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார். எழுப்பவில்லை. மேட்டின் விளிம்பிலிருந்து கீழே விழுந்து 21 பேர் போனார்கள், இரண்டு விமானிகளும் சேர்த்து. அந்த அறிக்கையில் ஒரு விஷயம் என்னை உலுக்கியது. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து கிளம்ப வேண்டிய விமானத்தையும் அதே கேப்டன்தான் ஓட்ட வேண்டும். அங்கே கேப்டன்கள் பற்றாக்குறை. வேறு ஊரில் இறக்கினால் மறுநாள் அட்டவணை கெடும். இந்த நினைப்பும் இறங்கியே தீர வேண்டும் என்பதற்குத் தூண்டுதலாக இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

மார்ச் 31 இரவு கணக்கு முடிக்கும்போது, டேலி ஆகாத ஐந்நூறு ரூபாயை எங்காவது தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றும் பாருங்கள், அது எனக்குத் தெரியும். அங்கே போகிறது ஐந்நூறு ரூபாய். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர், "இன்னுமா முடியல?" என்று கேட்டால் கை எந்தப் பக்கம் போகும்? பயணிகளாகிய நாம்தான் அந்தப் பின்னாலிருந்து கேட்கிற ஆள். கத்தி வாங்கிய பேச்சு அடுத்த நாள் காலை அவன் மனசில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். நான் இந்த மேடைக்கு வந்தது இதைச் சொல்லத்தான்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்று சென்னையில் இண்டிகோ விமானம் ஒன்று தரையைத் தொடும் நேரத்தில் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி மேலே எழும்பிய வீடியோ உங்கள் எல்லோருடைய போனிலும் வந்திருக்கும். மயிரிழையில் தப்பியது என்று தலைப்புப் போட்டுத்தான் எனக்கும் நான்கு பேர் அனுப்பினார்கள். மும்பையிலிருந்து வந்த விமானம். அது பிறகு பத்திரமாக இறங்கியது. அந்தக் காற்றில் இறங்க முயன்றிருக்கலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் மேலே எழுப்பிய அந்த முடிவு பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடியே எடுத்த முடிவு. இறங்குவது சரிப்படாது என்று தெரிந்ததும் இன்ஜினை முழுக்க முடுக்கி ஏறிவிடுவதை கோ-அரௌண்ட் என்கிறார்கள். முதல் நாளிலிருந்து பழக்குகிற வித்தை அது.

நம் அப்துல்லாபுரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆம்பூர் பஸ்ஸில் தினமும் அந்த வழியாகத்தான் போய் வந்தேன். முன்பெல்லாம் பயிற்சி விமானங்கள் வந்து இறங்கிய இடம். இப்போது உடான் திட்டத்தில் சேர்த்துச் சீரமைத்து, 19 பேர் உட்காரும் விமானம் வரும் என்கிறார்கள். வரட்டும், நானும் ஏறுவேன். ஆடி மாதம் மேற்கேயிருந்து நம் பள்ளத்தாக்கில் வருகிற காற்றை நீங்கள் அறிவீர்கள். அன்றைக்கு விமானம் வேலூர் வரை வந்துவிட்டு இறங்காமல் சென்னைக்கே போய்விட்டால், குழுவில் முதல் ஆளாக யாரும் புகார் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதினால் நான் பதில் எழுதுவேன், நீளமாக.

யாத்திரை விஷயம். ஏஜென்ட்டிடம் எழுதி வாங்க வேண்டியது ஒன்றுதான்: விமானம் போகாவிட்டால் ஜீப் ஏற்பாடும், பணம் திரும்பும் விதமும். போயே தீர வேண்டும் என்று எழுதி வாங்காதீர்கள். காலையில் முதல் விமானத்தைக் கேளுங்கள். போக்ராவில் இரண்டு நாள் உபரியாக வையுங்கள், காத்மாண்டுவிலிருந்து திரும்பும் டிக்கெட்டை அதற்குத் தக்கபடி போடுங்கள். செலவு ஆளுக்குச் சில ஆயிரம் கூடும், திட்டத்தில் சேர்த்துவிடலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பெயர் கொடுங்கள், முக்திநாத் இன்னும் ஆயிரம் மீட்டர் மேலே இருக்கிறது.

நாங்கள் இருவரும் மறுபடி வருகிறோம். பட்டியலில் பதினைந்தும் பதினாறும் எங்கள் பெயர்கள்தான். அந்தப் பைலட் இன்னும் அந்த வழியில் ஓட்டுகிறானா, எனக்குத் தெரியாது. பார்த்தால் அடையாளம் கண்டுபிடித்துவிடுவேன். வீட்டம்மா இப்போதே சொல்லிவிட்டாள், "இந்தத் தடவை அந்தத் தம்பிகிட்ட நான் பேசறேன், நீங்க பேசாம நில்லுங்க" என்று.

டீ வந்துவிட்டது போலிருக்கிறது. வணக்கம்.